வேலைக்குப் போகாத டோக்கன்

“இவ்ளோ மரியாத தெரிஞ்ச திருடன நம்ம ஊர்ல நான் பாத்ததே இல்ல மேடம்,” என்றான் வால்டர். “திருடிட்டு விசிட்டிங் கார்டு வெச்சிட்டுப் போயிருக்கான்.”

கார்டு பித்தளையில் இருந்தது. வட்டமாக, உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவு. மேலே ஒரு ஓட்டை, நடுவில் ‘நந்திதுர்க்’, கீழே 417. ஊரிகம் சங்கீத சபாவின் மேடைக்குப் பின்னால், திறந்து கிடந்த மர அலமாரியின் காலடியில், எண் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி மல்லாந்து கிடந்தது.

தொண்ணூற்றெட்டாம் வருஷம், மார்கழி பிறந்து நாலாம் நாள், சனிக்கிழமை. காலை ஒன்பதரை ஆகியும் தங்கவயலில் குளிர் விடவில்லை. அமலா காதைச் சுற்றி மப்ளர் கட்டியிருந்தாள். பதினைந்து வருஷம் மைன்ஸ் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஊர்ப் பேச்சு முழுக்கக் காதில் வாங்கியவள். இப்போது ஆண்டர்சன்பேட்டையில் ஒரு பேக்கரி மாடியில் துப்பறியும் நிலையம் வைத்திருக்கிறாள். வால்டர் அவளைவிடப் பத்து வயது மூத்தவன், இருந்தும் அவளுக்கு உதவியாளன். இருபத்திரண்டு வருஷம் நந்திதுர்க் சுரங்க ஷாப்ட்டில் ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜுக்கு மணி அடித்துவிட்டு, இரண்டு வருஷத்துக்கு முன் ஓய்வு வாங்கிக்கொண்டான். ஓய்வு கைக்கு மட்டும்தான், வாய்க்கு இல்லை.

“முதல்ல என்ன காணோம்னு சொல்லுங்க,” என்றாள் அமலா.

சொன்னவள் பல்லவி. இன்று மாலை ஆறு மணிக்கு இந்த மேடையில் பாட வேண்டியவள். ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் பெண், இருபத்தேழு வயது. அழுதிருந்தாள் என்பது கண்ணில் தெரிந்தது. இனி அழ மாட்டாள் என்பது குரலில் தெரிந்தது.

“இந்த அலமாரியில இருந்த ஒரு பெட்டிங்க. செருப்பு டப்பா சைஸ். அது இல்லன்னா அந்தப் பலகை வெறும் மரம்.”

பலகை மேடை ஓரத்தில் ஆள் உயரத்துக்கு நின்றது. அதில் மேலிருந்து கீழாக எட்டு பல்புகள். ஃபேக்டரி எலக்ட்ரீஷியன் பாபு மூன்று மாதம் உட்கார்ந்து செய்தது. ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை, அதனால் எட்டு விளக்கு. கை தட்ட வேண்டிய இடத்தில் சிவப்பு எரியும். விரல் எண்ண வேண்டிய இடத்தில் மஞ்சள். கையைத் திருப்பி வீச வேண்டிய இடத்தில் பச்சை. பக்கத்தில் ஒரு வெள்ளைத் துணி. பாடுகிற வரியின் அர்த்தம் புரொஜக்டரில் அதன்மேல் விழும். பெட்டி என்பது பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் கழித்துப்போட்ட சுவிட்சை வைத்துச் செய்தது. பாபு ஒரு தட்டு தட்டினால் விளக்கு ஒரு படி நகரும், பாட்டு போகிற வேகத்துக்கே நகரும்.

“மைன்ஸ்காரங்க குடியிருக்கிற லைன் வீட்டு ஜனங்களக் கச்சேரிக்குக் கூப்பிட்டேன்,” என்றாள் பல்லவி. “புரியாத பாட்டுக்கு எதுக்கும்மா உக்காரணும்னு கேட்டாங்க. நியாயம்தானே? அதான் இந்தப் பலகை. இன்னைக்கு இருநூறு பேர் வர்றாங்க. இந்த ஹாலுக்குள்ள கால் வெச்சதே இல்லாத இருநூறு பேர்.”

“வெச்சதே இல்லன்னு சொல்லாதீங்க,” என்றான் வால்டர். “பதினஞ்சு வயசுல நான் வெச்சிருக்கேன். பிடிலு கேக்கலாம்னு ஜன்னலாண்ட உக்காந்தேன். உள்ள வந்த வேகத்தவிட வெளிய போன வேகம் ஜாஸ்தி.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் காலரைப் பிடித்து இழுத்த அந்தக் கையை அவன் இன்னும் மறக்கவில்லை. மறக்கவும் போவதில்லை.

அப்போது செக்ரட்டரி ராஜப்பா உள்ளே வந்தார். மைன்ஸில் ஸ்டோர் சூப்பரின்டெண்டென்டாக இருந்து போன வருஷம் ஓய்வு பெற்றவர். வெள்ளை வேட்டி, பழுப்புச் சால்வை, கையில் சாவிக் கொத்து. சபாவின் முதல் வரிசையில் முதல் நாற்காலி முப்பது வருஷமாக அவருடையது. அவர் தொடையில் தாளம் போட்டால்தான் பாட வந்தவர்களுக்கே தைரியம் வரும் என்பார்கள். தலையை ஆட்டினால் பாஸ், உதட்டைப் பிதுக்கினால் ஃபெயில்.

“துப்பறிய என்ன இருக்கு?” என்றார். “ராத்திரி இங்க காவலுக்குப் படுக்கிறவன் மோசஸ். நந்திதுர்க் ஷாப்ட்ல அவன் நம்பர் நானூத்திப் பதினேழு. விடிகாலை அஞ்சு மணிக்குக் கிளம்பி ஃபர்ஸ்ட் ஷிப்டுக்குப் போயிட்டான். போற போக்குல பெட்டியையும் எடுத்துக்கிட்டான், டோக்கன விட்டுட்டான். போலீஸ்ல சொல்லியாச்சு. ரெண்டு மணிக்கு அவன் மேல வந்ததும் பிடிச்சிருவாங்க.”

“கச்சேரி?” என்றாள் அமலா.

“ரத்து. கமிட்டி தீர்மானம் தெளிவா இருக்கு. சொன்ன நிகழ்ச்சி சொன்னபடி நடந்தா மாசாமாசம் எல்லாருக்கும் கதவு திறக்கும். நடக்கலன்னா ஜனவரியிலேர்ந்து பழையபடி மெம்பருங்க மட்டும்தான். நான் என்ன பண்றது? தாளம் தெரியாத கூட்டத்த உள்ள விட்டா இப்படித்தான்.”

“ரத்துன்னு நான் சொல்லல சார்,” என்றாள் பல்லவி. “ஆறு மணிக்கு நான் மேடையில இருப்பேன்.”

ராஜப்பா உதட்டைப் பிதுக்கினார். சாவிக் கொத்து குலுங்கக் குலுங்க வெளியே போனார்.

அவர் தலை மறைந்ததும் வால்டர் டோக்கனை எடுத்துச் சுண்டிப் பிடித்தான். அடுத்த நிமிஷம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

“என்னண்ணே?” என்றாள் அமலா.

“மேடம், டோக்கன் மைன்ஸ்காரன் பாக்கெட்ல கிடக்கிற சாமான்னு நெனச்சிக்கினான் பாருங்க இந்தத் திருடன்! கீழ போகும்போது ஜன்னல்ல வாங்கிக்கினு போவோம். மேல வந்தா அதே ஜன்னல்ல குடுத்துருவோம். அது கொக்கியில தொங்குனா ஆளு மேல கீறான். கொக்கி காலியா இருந்தா ஆளு பூமிக்கு அடியில கீறான். ஷிப்ட் முடிஞ்சும் கொக்கி காலின்னா இன்னா அர்த்தம்? பாறை விழுந்துச்சின்னு அர்த்தம். சைரன் அடிப்பாங்க, லைன் பூரா பொம்பளைங்க ஷாப்ட் வாசல்ல வந்து மாரடிப்பாங்க. மோசஸ் நேத்து டோக்கன குடுக்காம வந்திருந்தா இந்நேரம் அவனுக்கு சர்ச்ல மணி அடிச்சிருப்பாங்க. பொண்டாட்டிய மறந்துட்டு வருவான், டோக்கன மறந்துட்டு ஒருத்தன் வீட்டுக்கு வர மாட்டான்.”

அமலா டோக்கனை வாங்கி விளிம்பில் கட்டைவிரலை ஓட்டினாள். இரண்டு முறை ஓட்டினாள். அப்புறம் வால்டரின் கையைப் பிடித்து அவன் விரலையும் அதன்மேல் வைத்தாள்.

“கூரா இருக்கு,” என்றான் வால்டர்.

“நம்பரும் நேத்து அடிச்ச மாதிரி பளிச்சினு இருக்கு. மோசஸ் எத்தன வருஷமா வேலை பாக்கிறாரு?”

“பதினெட்டு.”

“பதினெட்டு வருஷம் வேர்த்த கையில இருந்த பித்தளை இப்படியா இருக்கும்? இது வேலைக்கே போகாத டோக்கன்ணே.”

வால்டருக்குச் சிரிப்பு நின்றது. இந்தம்மா இப்படி ஏதாவது சொல்லும்போதுதான் சம்பளம் லேட்டானாலும் பரவாயில்லை என்று அவனுக்குத் தோன்றும்.

நந்திதுர்க் ஷாப்ட் வாசலில் டோக்கன் ஜன்னலுக்குப் பின்னால் ஜெயகரன் உட்கார்ந்திருந்தான். வால்டரைப் பார்த்ததும் எழுந்துவிட்டான்.

“இன்னா வால்டரு, திரும்ப மணி அடிக்க வந்துட்டியா? நீ போனதிலேர்ந்து கேஜு தூங்கி வழியுது.”

“உன் கொக்கியப் பாக்க வந்தேன். நானூத்திப் பதினேழு எங்க?”

ஜெயகரன் பின்னால் இருந்த பெரிய பலகையைக் காட்டினான். 417-க்கு நேரே கொக்கி காலியாக இருந்தது. “மோசஸு ஆறு மணிக்கே டோக்கன் வாங்கிக்கினு எறங்கிட்டான்.”

அமலா தன் கையிலிருந்ததை ஜன்னல் கட்டையில் வைத்தாள். ஜெயகரன் அதைப் பார்த்தான், காலிக் கொக்கியைப் பார்த்தான், சிலுவைக் குறி போட்டுக்கொண்டான்.

“பயப்படாதீங்க, மோசஸ் நல்லா இருக்காரு. நானூத்திப் பதினேழு ரெண்டு இருக்குதா?”

“இருக்குது மேடம். எல்லா நம்பருக்கும் ஒரு ஜோடி அடிச்சு வெச்சிருப்பாங்க. எவனாச்சும் சுரங்கத்துலயே தொலைச்சிட்டான்னா எழுதிக் குடுத்து ஸ்டோர்லேர்ந்து எடுக்கணும். கீழ வேல செய்யறவனுக்கு இது தெரியாது. வால்டருக்கே தெரியாது, பாருங்க முழிக்கிறான்.”

“அந்த ஜோடியெல்லாம் இப்ப ஸ்டோர்ல இருக்குதா?”

“எங்க இருக்குது! போன வருஷம் ஒரு மூட்டை கழிவுன்னு எழுதித் தள்ளினாங்க. கையெழுத்து போட்டவரு ராஜப்பா சாரு.”

ஜன்னலுக்கு இந்தப் பக்கம் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அவருக்கு டோக்கன் எண்ணித் தெரியும், டோக்கன் வாங்கித் தெரியாது,” என்றாள் அமலா மெதுவாக. “பூமிக்கு மேலயே முப்பது வருஷம் வேலை பாத்தவர் செய்யற தப்பு.”

“அப்புறம் இன்னா மேடம், போய் அமுக்கிருவோம்! ஆளு கெடைச்சாச்சு, சாட்சி கெடைச்சாச்சு, காரணமும் ஊருக்கே தெரியும். சாமி மாதிரி இருக்கிற சங்கீதத்த லைன்காரன் கண்ணால பாத்தா தீட்டு.”

“அதுதான் இடிக்குது. பலகைக்கு அனுமதி குடுத்து முதல் கையெழுத்து போட்டதே அவர்தானாம். வியாழக்கிழமை ஒத்திகைக்குத் தேங்காய் உடைச்சு ஆரம்பிச்சு வெச்சதும் அவர்தான். பல்லவி சொல்லிச்சு. முதல் நாற்காலியில உக்காந்து ரெண்டு பாட்டு தொடையில தட்டியிருக்காரு. மூணாவது பாட்டுல எழுந்து கடைசி வரிசைக்குப் போயி, தூணுக்குப் பின்னாடி உக்காந்துட்டாரு. கை சால்வைக்குள்ள. ரெண்டு பாட்டுக்கும் மூணாவது பாட்டுக்கும் நடுவுல என்னமோ நடந்திருக்கு.”

“குளிரு?”

“குளிருக்குத் தூண் எதுக்குண்ணே? வேற ஒண்ணு தெரியுமா? அன்னைக்கு ஹால்ல இருந்தவங்கள்ல ஒரே ஒருத்தருக்கு மறுநாள் வேலை போச்சு. கூட்டிப் பெருக்குற கிருஷ்ணம்மா.”

கிருஷ்ணம்மா ஊரிகம் லைனில் குழாயடியில் இருந்தாள். நாற்பத்தைந்து வயது, கணவன் மைன்ஸில் ஓய்வு பெற்ற ஆள். வேலை போன கோபம் குடத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. குடத்தை அவள் வைத்த வைப்பில் பக்கத்தில் நின்றவர்கள் ஒதுங்கினார்கள்.

“நா இன்னா தப்பு பண்ணேன், நீங்களே சொல்லுங்கம்மா. பதினோரு வருசமா பெருக்கறேன். எனக்குப் பாட்டுன்னா தொறந்த வாயும் ஆவுன்னு ஒரு சத்தமும்தான். வியாழக்கெழம அந்தப் பொண்ணு பாடுது, பல்பு எரியுது. மொதோ பாட்டு சும்மா பாத்தேன். ரெண்டாவது பாட்டுல என் கை தானா போவுது. செவப்புக்குத் தட்டு, மஞ்சளுக்கு வெரலு, பச்சைக்குத் திருப்பு. அட, இவ்ளோதானான்னு இருந்துச்சி. சந்தோசத்துல அழுகையே வந்துருச்சி எனக்கு.”

“அப்புறம்?”

“அய்யா முன்னாடி உக்காந்து தாளம் போடறாரு இல்ல? அவரு கையப் பாத்தேன். செவப்பு எரியுது, அவரு கையத் திருப்பறாரு. மஞ்சள் எரியுது, அவரு தட்டறாரு. எனக்கு சிரிப்பு வந்துருச்சி. அய்யா, பல்பு ஒரு பக்கம் போவுது, உங்க கை ஒரு பக்கம் போவுதேன்னு கேட்டேன். பல்பு கெட்டுப்போச்சோன்னு நெனச்சித்தான் கேட்டேன். அவ்ளோதாம்மா. மறுநா வராதேன்னுட்டாரு.”

வால்டர் குழாயடித் திட்டில் உட்கார்ந்துவிட்டான்.

முப்பது வருஷம்! எத்தனை பாடகர்களுக்கு உதட்டைப் பிதுக்கியிருப்பார். எத்தனை பேரைத் தாளம் தெரியாத கூட்டம் என்று வாசலோடு திருப்பி அனுப்பியிருப்பார். அவருக்கே தாளம் நிற்கவில்லை. மேடையில் இருப்பவர்கள் பார்த்திருப்பார்கள், அடுத்த வருஷமும் பாட வேண்டுமே என்று வாயை மூடிக்கொண்டிருப்பார்கள். கீழே இருப்பவர்களுக்குத் தெரியாது. தெரியாதவர்கள் இருக்கும்வரை அவர் ராஜா. எட்டு பல்பு எரிந்தால் இருநூறு பேருக்குத் தெரிந்துவிடும்.

“மேடம்,” என்றான். “சாமி, தீட்டு, சம்பிரதாயம்னு நான் பெரிசா நெனச்சேனே. இவ்ளோ சின்ன விஷயமா?”

“அவருக்கு இதவிடப் பெரிசு எதுவும் இல்லண்ணே.”

இரண்டு மணிக்கு மோசஸ் கேஜிலிருந்து இறங்கினான். ஜன்னலில் டோக்கனைக் கொடுத்தான். அதில் எண்ணே பாதி அழிந்திருந்தது. பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிளிடம் ஜெயகரன் இரண்டு 417-ஐயும் காட்டி விளக்கினான். கான்ஸ்டபிள் தலையைச் சொறிந்துகொண்டு சைக்கிளில் ஏறினார். மோசஸுக்கு ஒன்றும் புரியவில்லை. பசிக்கிறது என்று மட்டும் சொன்னான்.

மூன்று மணிக்கு சபாவின் ஆபீஸ் அறையில் ராஜப்பா தனியாக இருந்தார். ‘நிகழ்ச்சி ரத்து’ என்று ஒரு அட்டையில் எழுதிக்கொண்டிருந்தார். அமலா, வால்டர், பல்லவி, பாபு நாலு பேரும் நுழைந்ததும் பேனாவை மூடினார். அமலா டோக்கனை அட்டையின்மேல் வைத்தாள்.

“உங்க மூட்டையிலேர்ந்து ஒண்ணு உருண்டு வந்துருச்சு சார்.”

“என்ன உளர்றீங்க?”

“ஒரே ஒரு உதவி. பல்லவி ஒரு வர்ணம் பாடும். நீங்க ஆதி தாளம் போட்டுக் காட்டுங்க. சரியா வந்துச்சுன்னா நான் தப்புன்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிடறேன்.”

பல்லவி பாடவில்லை, பாட வேண்டிய அவசியமும் வரவில்லை. ராஜப்பாவின் கைகள் மெதுவாகச் சால்வைக்குள் போயின. வால்டர் அந்தக் கைகளையே பார்த்தான். முப்பத்தைந்து வருஷத்துக்கு முன் அவன் காலரைப் பிடித்த கை இது இல்லை. ஆனால் அந்தக் கைக்கு உத்தரவு போனது, அப்போது யார் உட்கார்ந்திருந்தாலும், அதே முதல் நாற்காலியிலிருந்துதான் என்று அவனுக்குத் தோன்றியது.

“பெட்டி எங்க சார்?” என்றான் பாபு.

ராஜப்பா நிமிர்ந்தார். மனுஷனுக்கும் முதுகெலும்பு இருந்தது, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

“ஊரிகம் பழைய ஷாப்ட்ல. வேலிக்கு மேல வீசினேன். இந்நேரம் மூவாயிரம் அடியில இருக்கும். முடிஞ்சா போய் எடுத்துக்க.”

பாபு தலையில் கை வைத்துக்கொண்டான். தண்ணீர் நிரம்பி மூடிய ஷாப்ட்டுக்குள் போனது போனதுதான், ஊரில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம். மூன்று மாத உழைப்பு தண்ணீருக்கடியில் கிடந்தது.

“சரி, நான் வழிக்கு வரேன்,” என்றார் ராஜப்பா. குரல் ஸ்டோர் குரலாக மாறியிருந்தது. கணக்குத் தீர்க்கிற குரல். “அட்டையைக் கிழிச்சிடறேன். மோசஸ் மேல புகார் இல்ல. கிருஷ்ணம்மா திங்கள்லேர்ந்து வேலைக்கு வரட்டும். கச்சேரி நடக்கட்டும், லைன் ஜனம் உள்ள வரட்டும், மாசாமாசம் வரட்டும், நானே தீர்மானம் போடறேன். ஒரே நிபந்தனை. பலகை வேண்டாம். எப்பவும் வேண்டாம்.”

வால்டர் மனசுக்குள் கணக்குப் போட்டான். நல்ல பேரம். கதவு திறக்கிறது. இதற்குமேல் என்ன வேண்டும்? ஒத்துக்கொள் பெண்ணே என்று சொல்ல நாக்கு துடித்தது. அமலா அவன் காலை மிதித்தாள்.

பல்லவி மேஜைமேல் கிடந்த அட்டையைப் பார்த்தாள்.

“பலகை இல்லாம பாடினா என்ன நடக்கும்னு நான் சொல்லவா சார்? வந்தவங்க ரெண்டு மணி நேரம் மரியாதைக்கு உக்காருவாங்க. புரியாது. அடுத்த மாசம் நூறு பேர் வருவாங்க. அதுக்கு அடுத்த மாசம் பத்து பேர். அப்புறம் நீங்களே சொல்வீங்க, கதவத் திறந்துதான் வெச்சோம், அவங்களுக்குத்தான் ஒத்துவரலன்னு. கதவு திறக்கிறது எனக்குப் போதாது சார். உள்ள வந்தவங்க கை எங்க போகணும்னு அவங்களுக்கே தெரியணும்.”

“அப்ப ஊர் பூரா என்னைப் பத்திச் சொல்லப் போறியா?”

“ஒருத்தர்கிட்டயும் சொல்ல மாட்டேன். சத்தியமா. பலகை எரியும், நான் பாடுவேன். முதல் நாற்காலி உங்களோடது. வர்றதும் வராததும் உங்க இஷ்டம்.”

அவளே அந்த அட்டையை எடுத்து நாலாகக் கிழித்தாள். சாவிக் கொத்தையும் மேஜையிலிருந்து எடுத்துக்கொண்டாள். ராஜப்பா தடுக்கவில்லை.

வெளியே வந்ததும் வால்டர் மூச்சு விட்டான். “பொண்ணு வீரமா பேசிருச்சு. பலகை எப்படி எரியும்? ஊதியா?”

“வீட்டு சுவிட்சு எட்டு வாங்கிட்டு வந்து ஒரு பலகையில வரிசையா போட்டா ஒரு மணி நேரத்துல எரிஞ்சிரும்,” என்றான் பாபு. “பெட்டி இருந்தா ஒரே எடத்துல தட்டலாம். இதுல எட்டு சுவிட்சையும் வரிசையா, நேரம் தப்பாம போட்டு அணைக்கணும். மேடையில அந்தம்மா போடுற தாளத்த ஒரு கண்ணால பாத்துக்கினே. என் விரல் அவ்ளோ நிக்காதுங்க. ஒண்ணு தப்பினா அவரு சொன்னது நிஜமாயிடும்.”

மூன்று பேரும் திரும்பி வால்டரைப் பார்த்தார்கள்.

“இன்னா?” என்றான். “இன்னாத்துக்குப் பாக்கறீங்க? எனக்கு சங்கீதம் தெரியாது மேடம். சர்ச்ல பாடுனாலே பாதிரியாரு இருமுவாரு.”

“கேஜுக்கு மூணு தடவ மணி அடிக்க வேண்டிய எடத்துல ரெண்டு அடிச்சா என்ன ஆகும்ணே?”

“ஆளு ஏறும்போதே கேஜு எறங்கிரும்.”

“இருபத்திரண்டு வருஷத்துல எத்தன தடவ தப்பா அடிச்சீங்க?”

வால்டர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டான். அவனுக்கு வாய் அடைத்துப்போன சந்தர்ப்பங்கள் மிகக் குறைவு. அமலா அதைத் தன் நோட்டில் தேதியோடு குறித்துக்கொண்டாள், அல்லது குறித்ததுபோல நடித்தாள்.

ஐந்தரை மணிக்கு ஹால் நிறைந்தது. நாற்காலி போதவில்லை, சுவரோரம் நின்றார்கள். ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடித்துக் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையில் ஆண்கள். தலையில் பூ வைத்த பெண்கள். எங்கே செருப்பை விடுவது என்று வாசலில் ஒரு குழப்பம். பழைய மெம்பர்கள் முப்பது பேர் முன்வரிசைகளில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்கள். ராஜப்பா வந்தார். வராமல் இருந்தால் ஏன் என்று கேட்பார்களே. முதல் நாற்காலியில் அமர்ந்து சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். பக்கத்து நாற்காலியில் பல்லவி கையோடு கூட்டிவந்து உட்காரவைத்தது கிருஷ்ணம்மாவை. ராஜப்பா அவள் பக்கம் திரும்பவே இல்லை.

வால்டர் மேடை ஓரத்தில், எட்டு சுவிட்சுக்கு முன்னால் சம்மணம் போட்டிருந்தான். பல்லவி தம்பூராவுக்குச் சுருதி சேர்த்துவிட்டு, மைக்கில் பேசினாள்.

“சிவப்பு எரிஞ்சா தட்டுங்க. மஞ்சள் எரிஞ்சா விரல எண்ணுங்க. பச்சை எரிஞ்சா கையத் திருப்புங்க. தப்பு வந்தா யாரும் வெளிய அனுப்ப மாட்டாங்க.”

வர்ணம் ஆரம்பித்தது. அவள் கை தொடையில் விழுந்ததும் வால்டரின் விரல் விழுந்தது. சிவப்பு. மஞ்சள், மஞ்சள், மஞ்சள். சிவப்பு, பச்சை. சிவப்பு, பச்சை. முதல் சுற்றில் நாலைந்து கைகள்தான் அசைந்தன. இரண்டாவது சுற்றில் சுவரோரம் நின்ற மோசஸ் தட்டினான், அவன் பெண்டாட்டி தட்டினாள். நாலாவது சுற்றில் வால்டருக்கு அந்தச் சத்தம் கேட்டது. இருநூறு உள்ளங்கைகள் ஒரே நொடியில் விழுகிற சத்தம். கண் நிறைந்து பல்புகள் மங்கின. விரல் நிற்கவில்லை, அது பாட்டுக்குப் போனது.

தாளம் தெரியாத கூட்டமாம்! வந்து பாருங்கள் என்று ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டும்போல இருந்தது அவனுக்கு.

பழைய மெம்பர்கள் முதலில் திரும்பிப் பார்த்தார்கள், பிறகு அவர்களும் பலகையைப் பார்க்கத் தொடங்கினார்கள். மேடை ஓரத்தில் நின்ற அமலாவும் விரல் எண்ணினாள், இரண்டாவது விரலில் தப்பித் திரும்ப ஆரம்பித்தாள். ஹாலில் அசையாத கைகள் இரண்டே இரண்டு. அவை பழுப்புச் சால்வைக்குள் இருந்தன. எல்லாக் கைகளும் விழும்போது விழாத கை எவ்வளவு வெளிச்சமாகத் தெரியும் என்று வால்டர் அன்றுதான் பார்த்தான். பின்வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருப்பவரின் காதில் ஏதோ கேட்டார். அவர் எட்டி முதல் நாற்காலியைப் பார்த்தார்.

ராஜப்பா சால்வையை உதறிக்கொண்டு எழுந்தார்.

கிருஷ்ணம்மா தாளத்தை நிறுத்தவில்லை. சிவப்புக்குத் தட்டிக்கொண்டே, இன்னொரு கையால் அவர் சால்வை நுனியைப் பிடித்தாள். மேடை வரைக்கும் கேட்டது அவள் குரல்.

“உக்காருங்க அய்யா. எனக்கே ரெண்டு பாட்டுல வந்துருச்சி. உங்களுக்கு வராதா?”

அவர் உட்கார்ந்தாரா, போனாரா என்று வால்டரால் பார்க்க முடியவில்லை. அடுத்த சிவப்புக்கு நேரமாகிவிட்டது.